பனிக்கு நடுவே ஒனுஃப்ரியின் முகம்

டிசம்பர் 3, 1901
வெளியே நாலு நாளாகப் பனி. என் வீட்டுக்காரர் கயெத்தான் இன்றும் ஆப்பிள் பழங்களைத்தான் வரைந்துகொண்டிருந்தார். பனியையும் வேட்டையையும் வரைந்தே பேர் வாங்கிய மனுஷன்! போன பிப்ரவரியில், வேட்டைக்குப் போன இடத்தில் ஏரிப் பனி உடைந்து உள்ளே விழுந்தாரே, அதிலிருந்து ஒரு குளிர்காலப் படம்கூட இல்லை. சன்னல் திரையையும் இழுத்து விட்டுவிடுகிறார்.

டிசம்பர் 9
பண்ணையார் வின்சென்டியிடமிருந்து கடிதம். ஜனவரியில் காட்டுப்பன்றி வேட்டையாம், வழக்கம்போல வந்து வரைய வேண்டுமாம். இவர் அதை அடுப்பில் போடப் போனார். பிடுங்கிக்கொண்டேன்.

"தண்ணியைக் கண்டு பயமா?" என்று கேட்டேன்.

"அதில்ல செவெர்கா. ஒனுஃப்ரி மூஞ்சில எப்படி முழிக்கிறது?"

வின்சென்டியின் காட்டுக் காவலர் ஒனுஃப்ரிதான் அன்றைக்குப் பனிமேல் ஊர்ந்துபோய் இவரை வெளியே இழுத்தவர். இவருக்குச் சளியோடு போயிற்று. அவருக்குப் பனியில் விறைத்து இடது காலில் மூன்று விரல்கள் போய்விட்டன. இவர் ஒரு வரிகூட எழுதவில்லை. நானாவது எழுதியிருக்கலாமே. ஏன் எழுதவில்லை?

டிசம்பர் 10
இன்று இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

டிசம்பர் 11
போகிறோம். நானும்கூட. சொல்லிவிட்டேன்.

ஜனவரி 14, 1902
வந்து சேர்ந்தோம். சறுக்கு வண்டியில் வழி நெடுக இவர் என் கையை விடவே இல்லை. விருந்தில் ஒனுஃப்ரியைப் பற்றிக் கேட்டார். "நடக்க முடியாத காவலனை வச்சு என்ன பண்ண? ஈஸ்டருக்குள்ள வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டேன்" என்றார் பண்ணையார், வாத்துக் காலைக் கடித்தபடியே. கயெத்தான் தட்டை நகர்த்திவிட்டார்.

ஜனவரி 15
எல்லாரும் வேட்டைக்குப் போனார்கள். நாங்கள் ஒனுஃப்ரியின் வீட்டுக்குப் போனோம். வாசலில் நின்று இவர் பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"வாங்க ஓவியரே! லெட்டரே காணோமே, செத்துட்டீங்களோன்னு நெனச்சேன்."

"என்னாலதானே உன் காலு..."

"விரல் போனா போகட்டும். எனக்குக் கோவம் வேற விஷயத்துல. பத்து வருஷமா என்னைப் படத்துல போடறீங்க. எல்லாத்துலயும் முதுகுதான். ஒண்ணுலயாவது மூஞ்சி இருக்கா?"

அடுப்பில் பீட்ரூட் சூப்பைக் கிண்டிக்கொண்டிருந்த அவர் மனைவி யுஸ்தினா திரும்பாமலே சொன்னாள்: "படம் பாக்கறவங்க மேல ஓவியருக்குக் கொஞ்சம் இரக்கம் இருக்கு."

எல்லாரும் சிரித்தோம். பிறகு இவர் அழுதார். சரி, நானும்தான்.

ஜனவரி 16
காட்டு ஓரத்தில் ஒனுஃப்ரி ஆட்டுத்தோல் கோட்டும் துப்பாக்கியுமாக, எங்களைப் பார்த்து நின்றார். வண்ணம் உறையாமலிருக்க இவர் தண்ணீரில் வோட்கா கலப்பார். "படத்துக்கு ஒரு சொட்டு, எனக்கு ஒரு மடக்கு" என்று ஒனுஃப்ரி கணக்குச் சொன்னார். முதல் தாளைக் கிழித்தார் இவர். இரண்டாவதையும் கிழித்தார். மூன்றாவதில் முகம் வந்துவிட்டது. தூரத்தில் வேட்டைக்காரர்கள் நாலைந்து புள்ளி; மற்றபடி சுற்றிலும் தூரிகை படாத வெறும் தாள், ஆனால் பார்த்தால் பனி! கல்யாணமாகி இருபத்தாறு வருஷம், இது எப்படி என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஜனவரி 17
பண்ணையார் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். "வேட்டை என்னுது. நான் எங்கய்யா?"

"இதோ, பின்னால தூரத்துல. இந்தப் புள்ளி" என்றார் இவர்.

அடப்பாவி மனுஷா, வாயை மூடிக்கொண்டிருக்கக் கூடாதா என்று நினைத்தேன். பண்ணையார் முகம் சிவந்தது. ஆனால் இவர் அதற்கு மேல் சொன்னதை நான் எதிர்பார்க்கவே இல்லை. "உங்களைப் பெரிசா வரையறேன். குதிரை மேல, காலடியில பன்றியோட. ஒனுஃப்ரி ஆயுசுக்கும் அந்த வீட்டுல இருக்கட்டும்."

யாரையும் மெச்சி ஒரு கோடு இழுக்காதவர்! ஓர் இளவரசர் கேட்டபோதே மாட்டேன் என்றவர்.

ஜனவரி 24
குதிரைப் படம் முடிந்தது. படத்தில் பண்ணையாருக்கு இடுப்பு பாதியாகக் குறைந்துவிட்டது. குதிரையே வெட்கப்படுகிற மாதிரி இருக்கிறது. ஆனால் கையெழுத்தைப் பளிச்சென்று போட்டிருக்கிறார். "பாத்து சிரிக்கறவங்க சிரிக்கட்டும்" என்றார். அந்தக் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தேன், வண்ணத்தோடு.

மார்ச் 2
யுஸ்தினா யாரையோ எழுதச் சொல்லி அனுப்பிய கடிதம் வந்திருக்கிறது. வீடு இனி அவர்களுக்குத்தான், பண்ணையார் பத்திரமே கொடுத்துவிட்டார். 'உங்கள் படத்தைச் சுவரில் மாட்டியாயிற்று. இனி நாள் முழுக்க இரண்டு ஒனுஃப்ரியைப் பார்க்க வேண்டும், இது என்ன நியாயம்?'

வாசித்துக் காட்டலாம் என்றால் கயெத்தான் வீட்டில் இல்லை. பனி உருகுவதற்குள் இன்னும் நாலு படமாவது என்று விடியும்போதே ஆற்றங்கரைக்குப் போனவர். சூப்பை இரண்டாம் தடவை சூடாக்கிக்கொண்டிருக்கிறேன்.