பதுவையில் திருப்பி எடுத்த படம்

லோறென்ஸ்கூக்,
நவம்பர் 4.

அன்பு மகள் மேரினுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நாங்கள் இரண்டு பேரும் எழும்பி நடமாடுகிறோம், அங்கே நீயும் மருமகன் கவிசனும் சின்னவள் நோராவும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டுமென்று மன்றாடுகிறேன். அந்த வடக்கு ட்ரொம்சோவில் இன்னும் மூன்று கிழமையில் சூரியன் எழும்புவதே நின்றுவிடும், பிள்ளைக்கு மீனெண்ணெய் கொடுக்க மறக்காதே, நீயும் குடி. தொலைபேசியில் சொன்னால் பாதியிலேயே விடுங்கோ அம்மா என்று வெட்டிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

போன மாதம் எங்கள் கோயில் பங்கு ஆட்களோடு இத்தாலிக்குப் போனோம், வெனிசில் தங்கி ஒரு முழு நாள் பதுவைக்கு. காலை ஒன்பது மணிக்கு ரயிலால் இறங்கினோம், மாலை ஏழுக்குத் திரும்ப வேண்டும். அழகான பட்டினம்தான், பொய் சொல்லக் கூடாது. தெருவுக்குத் தெரு தூண் வைத்த வளைவு நடைபாதை, மழை தூறியும் தலை நனையவில்லை. அப்பா லீவிலும் பஸ் சாரதிதான், இந்த ஒடுங்கின தெருவுக்குள்ளை எப்பிடியப்பா திருப்புறாங்கள் என்று ஒவ்வொரு சந்தியிலும் நின்றுவிட்டார். ஒரு வங்காளதேசத்து மனிதர், அப்பாவின் வயது இருக்கும், குடை விற்க வந்தார். எங்களோடு வந்த பெண்கள் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாங்களும் அகதியாய் வந்து ஆரோ ஒருவரின்ரை மலசலகூடம் கழுவி எழும்பின ஆக்கள்தானே என்று கேட்டேன். எங்களோடு வந்த ஸ்ட்ரோம்மன் ஜோன்சனின் தாய், என்ன மேரியம்மா, யாத்திரைக்கு வந்த இடத்திலையும் சண்டையோ என்று சிரித்தார்.

கோயிலுக்குள் புனித அந்தோனியாரின் அழியாத நாக்கைப் பேழையில் வைத்திருக்கிறார்கள். எல்லாரும் முழந்தாளிட்டார்கள். எனக்கு எங்கள் சனத்தின் நாக்குகள்தான் ஞாபகம் வந்தன, அவற்றைப் பூட்டிவைக்க எத்தனை பேழை வேண்டும். நீ கவிசனைக் கட்டப்போகிறாய் என்றதும் பெடியன் எந்த ஊர், எந்தப் பக்கம் என்று கேட்டது இந்த வாய்கள்தான். அதற்குப் பெயர் சாதி. ஒரே பீடத்தில் நற்கருணை வாங்குவார்கள், அந்தச் சொல்லை மட்டும் வெளியே சொல்ல மாட்டார்கள். அப்பா அந்த வாய்களுக்குப் பயந்து உன் கலியாணத்துக்கு வரவில்லை, கவிசன் வீடு தேடி வந்தபோது கதவும் திறக்கவில்லை. நானும் அன்றைக்குச் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டுதான் நின்றேன். அதை மறைத்து உனக்கு ஒரு கடிதம் எழுத என்னால் முடியாது. மூன்று வருடமாகிறது, நோராவைப் படத்தில்தான் பார்த்திருக்கிறோம்.

அந்தோனியாருடைய கல்லறையின் பின்பக்கம் ஒரு பெரிய கல், அதில் உள்ளங்கையை வைத்துத்தான் மன்றாடுவார்கள். சுற்றிவரப் படங்களும் கடுதாசிகளும். தொலைந்ததைத் தேடித் தருகிறவர் என்று எங்கெங்கோ இருந்து வருகிறார்கள். எனக்கு முன்னால் நின்ற அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து அந்தக் குவியலுக்குள் செருகினார். உறுதிப்பூசுதல் அன்று வெள்ளை உடுப்போடு நீ. நான் அதை இழுத்தெடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் உன் விலாசம், வீட்டு இலக்கம், தபால் இலக்கம், ஓர் எழுத்துப் பிழை இல்லை. அவ்வளவு சனத்துக்குள்ளும் என் குரல் உயர்ந்துவிட்டது. இஞ்சை பாருங்கோ, அந்தோனியார் துலைஞ்சதைத்தான் தேடித் தாறவர், இவள் துலையேல்லை, விலாசம் உங்களுக்கே மனப்பாடம், பிறகேன் அந்த மனிசனை அலைக்கழிக்கிறியள் என்றேன். ஜோன்சனின் தாய் எட்டிப் பார்த்தார். பார்க்கட்டும். படத்தை என் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பிறகு நகரத்துப் பெரிய வெளியில், சிலைகள் வரிசையாக நிற்கிற வாய்க்கால் கரைக்கட்டின் மேல் இருந்து பாணும் சீஸும் சாப்பிட்டோம். அப்பா சீஸ் சுற்றின கடுதாசியை நாலாய் மடித்தார். பிறகு, ட்ரொம்சோவுக்கு எத்தினை மணித்தியாலம் பறக்க வேணும் என்று கேட்டார். இஞ்சை வந்ததிலும் குறைவு என்றேன். பாணைப் பிய்த்துப் புறாவுக்குப் போட்டார். போனால் அவன் கதவைத் திறப்பானோ என்றார். நான் என் பங்குப் பாணையும் அவர் கையில் கொடுத்தேன் மகள்.

அதுதான் கேட்கிறேன், நத்தார்ப் பண்டிகைக்கு முன்னம் நாங்கள் வரலாமா. மருமகனுக்குப் பதிலாய் நீ ஓம் சொல்லாதே, அவரே யோசித்துச் சொல்லட்டும். வேண்டாமென்றால் அதையும் நேரே சொல்லட்டும், அப்பா கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும், முதலில் கதவைப் பூட்டினது அவர்.

நோராவுக்கு என் முத்தங்கள். மாதாவும் அந்தோனியாரும் உங்கள் மூவரையும் காக்கட்டும். பனி இறுகின பாதையில் சப்பாத்துக்கு ஆணிப்பட்டை போட்டு நட. படத்தை இதற்குள் வைத்திருக்கிறேன். கடித உறையைக் கிழித்து எறிந்திருந்தால் குப்பைக்குள்ளிருந்து எடுத்துப் பார், விலாசம் எழுதினது நானில்லை.

உன் அம்மா,
மேரியம்மா