கண்ணாடிப் பெட்டியை எடுக்க மாட்டேன்

ஜனக்புரி, புதுடெல்லி
18.9.1981

அன்புள்ள அத்தானுக்கு,

ராஜாத்தி எழுதுவது. நான் சௌக்கியமாக இருக்கிறேன், கோபமாகவும் இருக்கிறேன். அங்கே மலையில் இதற்குள் பனி விழத் தொடங்கியிருக்கும். நான் பின்னி அனுப்பிய கையுறை சரியாக இருக்கிறதா? வலது கட்டைவிரல் கொஞ்சம் இறுக்கமாகத்தான் வந்தது. போட்டுப் போட்டு இளகிவிடும்.

உங்கள் கடிதம் கிடைத்தது. லீவில் வரும்போது அந்தப் பூச்சிப் பெட்டி வீட்டில் இருக்கக் கூடாது, இருந்தால் நீ மூட்டையைக் கட்டிக்கொண்டு அத்தையிடம் ஊருக்குப் போய்விடு என்று எழுதியிருக்கிறீர்கள். ஹவில்தார் உத்தரவு போடுவதற்கு முன்பே உங்கள் அக்கா வள்ளியம்மை மதினி அதை நிறைவேற்றிவிட்டார்கள். அதை மட்டும் உங்களுக்கு எழுதவில்லை போலிருக்கிறது. நான் எழுதுகிறேன்.

நான் வேலை பார்க்கும் காலேஜில், விலங்கியல் லேபிலிருந்து மூலை உடைந்த மீன் தொட்டி ஒன்றை வெளியே போட்டார்கள். கேட்டு வாங்கி ஆட்டோவில் கொண்டுவந்தேன். மழை தொடங்கியபோது வீட்டுக்கார மாதாஜியின் கொய்யா மரத்தில் இரண்டு கும்பிடுபூச்சிக் குஞ்சுகள் கிடைத்தன. நடுவில் கண்ணாடித் தடுப்பு வைத்து, ஆளுக்கொரு பக்கமாக வளர்த்தேன். எதற்கு என்று கேட்கிறீர்கள். வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால், தலையைத் திருப்பி என்னைப் பார்க்க வீட்டில் ஒரு உயிர் இருந்தது. வருஷத்தில் பத்து மாதம் நீங்கள் இல்லாத வீடு இது என்பது உங்களுக்கும் தெரியும்.

வள்ளியம்மை மதினி வந்து தங்கியிருந்தபோது இரண்டும் இறக்கை முளைத்துப் பெரிதாகிவிட்டன. ஒரு ஞாயிற்றுக்கிழமை தடுப்பை எடுத்தேன். சேர்ந்த கையோடு பெண் பூச்சி ஆண் பூச்சியைத் தின்றுவிட்டது. மதினி காபி டம்ளரோடு எதிரே உட்கார்ந்திருந்தார்கள். "புருசனைத் தின்னுத சீவனை வீட்டுல வச்சிருக்கியே, பட்டாளத்துல இருக்கவனுக்கு இது வெளங்குமா?" என்று போட்ட சத்தத்தில் மாடியிலிருந்து மாதாஜி இறங்கி வந்துவிட்டாள். பசியோடு இருந்தால் அது எதிரே வந்ததைத் தின்னும், மதினி, பரீட்சை வேலையில் நான் சரியாக இரை போடவில்லை என்று எவ்வளவோ சொன்னேன். காதில் ஏறவில்லை.

அடுத்த வாரம் நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் கொசு மருந்து அடிக்கிறவர்கள் தெருவுக்கு வந்திருக்கிறார்கள். வந்த நாளிலிருந்து பால்காரனிடம் ஒரு வார்த்தை இந்தி பேச வராத மதினி, அன்றைக்கு மட்டும் "ஆவோ, ஆவோ" என்று அவர்களைக் கையைப் பிடிக்காத குறையாக உள்ளே கூட்டிப்போய், பெட்டியின் வலை மூடியைத் திறந்து காட்டினார்களாம். மாதாஜிதான் சொன்னாள். நான் வந்து பார்த்தபோது பெண் பூச்சி மண்ணில் மல்லாந்து கிடந்தது. அழுதேன். பூச்சிக்காக அழுகிறாளே என்று மதினி சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை என்னால் மறக்க முடியவில்லை, அத்தான்.

மதினி ரயிலேறிய மறுநாளே நான் புதுப் பெட்டி வைத்துவிட்டேன். மருந்து பட்ட மண், செடி, குச்சி எல்லாவற்றையும் வாரிக் கொட்டினேன். தொட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்த்து வாசம் போகும்வரை மொட்டை மாடி வெயிலில் காயவைத்தேன். அடியில் கூழாங்கல். அதன்மேல் அடுப்புக்கரியைப் பொடித்துப் போட்டேன், தண்ணீர் தேங்கி நாறாமல் இருக்க. அதற்கு மேல் நர்சரி மண்ணும் மணலும். ஒரு மூலையில் மணிப்ளான்ட், இன்னொரு மூலையில் சின்னப் பெரணி, நடுவில் அருகம்புல். மூடிவரை எட்டும்படி ஒரு காய்ந்த கொய்யாக் கிளை, தலைகீழாகத் தொங்கித் தோலுரிக்க அதுதான் தோது. மேலே உங்கள் பழைய கொசுவலையை வெட்டி நாடா போட்டுக் கட்டினேன். ஆமாம், உங்கள் கொசுவலைதான். அதற்கும் சேர்த்துக் கோபித்துக்கொள்ளுங்கள்.

பார்க் வேலியிலிருந்து புதிதாக ஒரு ஜோடி பிடித்து வந்தேன். இந்தத் தடவை பெண்ணுக்கு வெட்டுக்கிளியாகப் பிடித்துப் போட்டேன், அது போதும் என்று முகத்தைத் திருப்பும்வரை. பிறகுதான் தடுப்பை எடுத்தேன். ஆண் பூச்சி ஒரு கால்கூடக் குறையாமல் இறங்கிப் போனது. மாதாஜி பக்கத்தில் நின்று பார்த்தாள். இப்போது அந்தப் பெட்டி முன்னறையில், வருகிறவர்கள் கண்ணில் படும் இடத்தில் இருக்கிறது. நீங்கள் வரும்போதும் அங்கேதான் இருக்கும். நான் ஊருக்குப் போகப் போவதும் இல்லை.

பூச்சியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். சங்கரன்கோவில் பெண்ணைப் பற்றி ஒரு வரி இல்லை. ரயிலேறும் நாள் காலையில் மதினி தலைவாரிக்கொண்டே என்னிடம் சொன்னார்கள். பச்சைமுத்து மாமா மகளாம், வயது இருபதாம், கல்யாணமாகி ஏழு வருஷமாகியும் உன் வயிறு திறக்கவில்லை, நீயாகவே சம்மதித்தால் உனக்கும் மரியாதை என்றார்கள். தம்பியிடம் சொல்லிவிட்டேன், அவன் மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை என்றார்கள். முதல் பெண்டாட்டி உயிரோடு இருக்க இன்னொரு கல்யாணம் செய்தால் பட்டாளத்தில் வேலை நிலைக்காது என்பது உங்களுக்குத் தெரியாதா? நான் மனு எழுதிப் போடுவேன் என்று பயப்பட வேண்டாம். போட மாட்டேன் என்றும் நம்ப வேண்டாம்.

இன்னொன்று. போன மாதம் மாதாஜியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். எல்லாப் பரிசோதனையும் செய்துகொண்டேன். அந்த மேஜையில் படுக்க வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் படுத்தேன். என்னிடம் ஒரு குறையும் இல்லை என்று லேடி டாக்டர் சொன்னாள். உன் வீட்டுக்காரரைப் பரிசோதித்தார்களா என்று கேட்டாள். அவர் மலையில் இருக்கிறார் என்றேன். மலையிலும் டாக்டர் இருப்பாரே என்றாள். உங்கள் யூனிட் டாக்டரிடம் போங்கள், அத்தான். பனியில் ராத்திரியெல்லாம் காவல் நிற்கிற மனுஷருக்கு இது ஒன்றும் பெரிதில்லை.

குறை உங்களிடம் என்று வந்தாலும் எனக்கு வேறு மாப்பிள்ளை பேச யாரும் ரயிலேறி வரப்போவதில்லை. வந்தாலும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே வாசலோடு அனுப்பிவிடுவேன். மதினி பேச்செடுத்தபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? அதை மட்டும், உங்கள் கையெழுத்தில், பொய்யில்லாமல் எழுதுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். திருச்செந்தூர் முருகன் உங்களுக்குத் துணையிருக்கட்டும்.

இந்த வீட்டை விட்டு எங்கும் போகாத,
உங்கள் மனைவி
ராஜாத்தி