கொடுவா சாப்பிடும் சத்தம்

நவ. 4, செவ்வாய்

காலையில் தூறல். குட்டைக்குத் தீவனம் போட்டாச்சு. ‘டப், டப்’பென்று ஒரே சத்தம். கொடுவா மீன் கொறிக்காது. மேலே வந்து வாயைத் திறந்து ஒரே இழுப்பு. அந்தச் சத்தம்தான்.

குஞ்சாக வந்தபோது பட்ட பாடு! பெரியது சின்னதை விழுங்கிவிடும். அளவு பிரித்துப் பிரித்து வேறு வேறு வலையில் விட்டேன். இப்போது எல்லாம் முழங்கை நீளம்.

வாங்க வேண்டியது: உப்பு, சீயக்காய், மெழுகுவத்தி.

ஏஜெண்ட் மறுபடி போன். கத்தாரில் ஆள் கேட்கிறார்களாம். இவர் சொன்னார்: “குட்டை நின்னுச்சுன்னா எங்கயும் போகல ஸ்டெல்லா. ஊத்திக்கிச்சுன்னா போய்த்தான் ஆகணும்.” இவர் இல்லாத வீட்டில் இத்தனை வருஷம் இருந்தது போதும், மாதாவே.

நவ. 6, வியாழன்

மூட்டம். வெயிலே இல்லை. சகாயம் அக்கா (மூத்த ஓரகத்தி) ஒத்தாசைக்கு வந்தார். கொடுவா முதலில் ஆண், சில வருஷம் போனால் பெண்ணாக மாறிவிடும், முட்டையிட முகத்துவாரத்துக்குப் போகும் என்று சொன்னேன். நம்பவே இல்லை.

“அடி ஆத்தி! எங்க வூட்டுக்காரரும் ஒரு வாரம் மாறுனா நல்லாருக்கும். அடுப்படின்னா என்னன்னு தெரியும்.”

சிரித்து வயிறு வலி. மதியம் தீவன மூட்டை வாங்க நானும் இவரும் ஆண்டிமடம் போனோம். குட்டையை அக்கா பார்த்துக்கொண்டார்.

நவ. 7, வெள்ளி

விடிகாலையில் போனால் மீனெல்லாம் மேலே, வாயைப் பிளந்துகொண்டு. தண்ணீரில் சாணி வாடை. கரண்ட் இல்லை, காற்று மிஷின் ஓடவில்லை.

அக்கா ஓடி வந்தார். “நேத்து நாந்தான்டி சாணி கரைச்சு ஊத்துனேன். கெண்டைக்கு ஊத்துவோம்ல. நல்லா வளரட்டும்னு...” தலையிலடித்துக்கொண்டு அழுகை.

இந்தப் பக்கம் எல்லாரும் செய்வதுதான். சாணி போட்டால் பாசி வரும், கெண்டை கொழுக்கும். கொடுவாவோ மற்ற மீனைத் தின்கிற மீன், அதற்குப் பாசி எதற்கு? சாணி அழுகித் தண்ணீரிலிருந்த காற்றையெல்லாம் இழுத்துவிட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு... ஆனால் திட்ட நேரமில்லை.

அக்காவே முந்திரித் தோப்புக்கு ஓடினார். தோப்புக்கார பாய் ஆயில் இன்ஜினோடு வந்துவிட்டார். தண்ணீரில் காற்று கலக்கட்டும் என்று குட்டைத் தண்ணீரையே இழுத்துப் பலகைமேல் அடித்துச் சிதறவிட்டோம். தெருப் பெண்கள் அன்னக்கூடையும் குடமுமாக மொண்டு மொண்டு ஊற்றினார்கள். அக்கா இடுப்பளவு தண்ணீரில். “நிறுத்தாதீங்கடி! கை வலிச்சா அப்புறம் பாத்துக்கலாம்!”

வெயில் ஏறியபின் மீன் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கியது. இரண்டு கூடை செத்துப்போச்சு. மிச்சம் உயிரோடு. பாய் டீசலுக்குக்கூட ஒன்றும் வாங்கவில்லை. எல்லாரும் நல்லா இருக்கணும்.

செத்ததைப் புதைத்துவிட்டு வந்து இவர் பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தார். நான் கவனிக்காததுபோல் இருந்துவிட்டேன்.

நவ. 8, சனி

மறுபடி மூட்டம். போர் தண்ணீர் விட்டோம். தீவனம் போட்டேன். அப்படியே மிதக்கிறது. ஒன்றுகூட வாய் வைக்கவில்லை.

அக்காவையும் காணோம். வீட்டுக்கே போனேன்.

“எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வர்றது?”

“நீங்க ஓடலைன்னா ஒண்ணுகூட மிஞ்சியிருக்காதுக்கா. வாங்க.”

சும்மா ஆறுதலுக்குச் சொல்லவில்லை. சாணி ஊற்றியதும் பாசத்தில், ஓடியதும் பாசத்தில். இந்த மனுஷி எனக்குக் கிடைத்ததே பெரிசு.

நவ. 9, ஞாயிறு

வெயில்! பூசை முடிந்து நேரே குட்டைக்கு. தீவனத்தை அக்கா கையில் கொடுத்தேன். “ஐயோ, நானா?” “நீங்கதான்.” சிலுவை போட்டுக்கொண்டு வீசினார்.

ஒன்றுமில்லை. அக்கா, நான், இவர், மூன்று பேரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

‘டப்.’

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. அப்புறம் குட்டை முழுக்க. அக்கா என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுகை. நானும்தான்.

அந்த நேரம் பார்த்து ஏஜெண்ட் போன். இவர் எடுத்து, குட்டைப் பக்கம் நீட்டிப் பிடித்தார். அப்புறம் காதில் வைத்து, “கேட்டுச்சாண்ணே? நான் வரல.”