என்ன முறை?

ஒக்டோபர் 12, ஞாயிறு

விடிய முதலே மழை. குடையில் ஒரு கம்பி போய்விட்டது. ஓமந்தைக்குப் போகவேண்டிய நாளில்தான் இதெல்லாம் நடக்கும்.

வீட்டுக்காரர் நேற்று மறுபடியும் வந்தார். மகனுக்குக் கலியாணமாம், வீடு வேண்டுமாம். "அவசரமில்லைப் பிள்ளை, ஆனா மார்கழி தாண்டக்கூடாது." அவசரமில்லாத அவசரம். வவுனியாவில் இது எத்தனையாவது வாடகை வீடு என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். சாமான் கட்டுவதில் எனக்கும் அம்மாவுக்கும் பட்டமே கொடுக்கலாம்.

ஓமந்தையில் இறங்கி உள்ளே நடந்தேன். வழியெல்லாம் காணி விற்பனைப் பலகை. பற்றையாகக் கிடந்த இடத்தில் பேக்கரி, ரியூசன் கொட்டில், ஜிம். ஜிம்முக்கு முன்னால் ஒரு மாடு படுத்திருந்தது. டவுனில் வேலை செய்கிற எல்லாருக்கும் இப்போது ஓமந்தையில் ஒரு துண்டுக் காணி வேண்டும். காலையில் பஸ் ஏறினால் வேலை தொடங்க முன் டவுனில் நிற்கலாம். எனக்கும் வேண்டும்.

பார்த்தவை: அறை இரண்டு. குசினி தனியே. பின்சுவர் பூசவில்லை. ஒரு மூலையில் ஒழுக்கு. கக்கூஸ் பரவாயில்லை. ஒரு பக்கம் வேலி இல்லை. ரயில் சத்தம் கேட்கும். கட்டுக் கிணறு, தண்ணீர் மேலே நிற்கிறது.

சொந்தக்காரி திலகம் அன்ரி. புருசன் இல்லை. ஜெர்மனியில் இருக்கிற மகனிடம் போகப்போகிறார். "இரும் பிள்ளை, நனைஞ்சு போனீர்" என்று துவாய் எடுத்துத் தந்தார். எனக்குப் பிடித்துவிட்டது. வீடும், ஆளும்.

அம்மா சொல்லிவிட்டபடி போத்தலில் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்தேன். "வீட்ட அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல தண்ணியப் பாரு." இங்கே எங்கள் தண்ணீரில் கேத்தில் முழுக்க வெள்ளைப் படை. தேத்தண்ணீர் குளத்துத் தண்ணீர் மாதிரி இருக்கும். அம்மா சின்ன வயதில் மலையில் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். தேத்தண்ணீர் விசயத்தில் யாரையும் மன்னிக்கமாட்டார்.

போத்தல் தண்ணீரைக் கொதிக்கவைத்து சாயம் போட்டார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "வாங்குடீ" என்றார். அவ்வளவுதான்.

ஒக்டோபர் 14, செவ்வாய்

வேலை செய்கிற பார்மசியில் நல்ல கூட்டம். ஒருவர் மருந்தின் பெயரும் தெரியாமல் டொக்டரின் துண்டும் இல்லாமல் "வெள்ளையாய், வட்டமாய் ஒரு குளிசை" கேட்டார். கடையில் பாதி வெள்ளை, வட்டம்.

மத்தியானம் புரோக்கர் ரவி வந்தார். வாய்வுக் குளிசை கேட்டு, அதோடு ஒரு குண்டும் போட்டார். திலகம் அன்ரியின் காணி உறுதிக் காணி இல்லை. பெர்மிற் காணி. அரசாங்கம் குடியிருக்கக் கொடுத்தது. நினைத்தபடி விற்கமுடியாது.

"அப்ப என்னெண்டு எனக்கு எழுதுறது?"

"ரத்த உறவுக்கு மாத்தலாம் அக்கா. நீங்கள் அன்ரியின்ர அக்காவின்ர மகள்."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அன்ரியின் அக்கா, பெயர் மனோன்மணி, கடைசிச் சண்டையில் போய்விட்டார். புருசனும் போய்விட்டார். பிள்ளை இல்லை. கடதாசி ஒன்றும் மிஞ்சவில்லை. "கேக்க ஆளில்லை. உங்கட பிறப்புப் பதிவும் இடம்பெயர்வில துலைஞ்சது எண்டு ஒரு சத்தியக்கடதாசி முடிப்பம். எல்லாரும் இப்பிடித்தான் செய்யினம்."

போகும்போது குரலைத் தாழ்த்தினார். "உங்களைப் பாத்தால் ஒண்டும் தெரியாது. கதைக்கிறதும் எங்களைப் போலத்தான். அம்மாவை மட்டும் அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு வராதேங்கோ. அவா வாய் திறந்தால் ஆக்களுக்கு விளங்கிப்போடும்."

என்ன விளங்கும் என்று கேட்டிருக்கவேண்டும். மிச்சக் காசை எண்ணிக் கொடுத்தேன்.

ஒக்டோபர் 16, வியாழன்

அம்மாவிடம் சொல்லாமல் இரண்டு நாள். இன்று சொன்னேன். மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

"எழுதிக்க. பேருல என்ன இருக்கு?"

"அம்மா, உன் பேரு இருக்காது. நான் இன்னொருத்தி மகள்னு இருக்கும்."

"பேப்பருல தானே? வயித்துலயா எழுதப் போறாங்க?"

அம்மாவின் ஆட்கள் எழுபத்தேழுக் கலவரத்தில் மலையிலிருந்து ஓடிவந்தவர்கள். வன்னியில் அடுத்தவன் வயலில் நட்டு, அடுத்தவன் காணி மூலையில் கொட்டில் போட்டு, அவன் எழும்பு என்றால் எழும்பி. நான் பிறந்தது ஸ்கந்தபுரத்தில் ஒரு மிளகாய்த் தோட்டக் கொட்டிலில். அப்பா செத்தபோது எங்கே எரிப்பது என்று கூடக் காணிக்காரரைக் கேட்டோம். அம்மாவுக்குச் சொந்தமாக ஒரு முழ மண் வேண்டும். அதற்கு முன்னால் பெயரெல்லாம் அவருக்குப் பெரிதில்லை.

எனக்குத்தான் பெரிது போல எழுதுகிறேன். ஆஸ்பத்திரி கிளினிக் கொப்பியில் அம்மாவின் பெயரைப் பழனியம்மா என்று எழுதவைத்தது யார்? நான்தான். பழனியாயி என்று வரிசையில் கூப்பிட்டால், தோட்டத்து ஆள் என்று நாலு தலை திரும்பும் என்று. வீட்டில் ஆமா, வெளியே ஓம். இருபது வருசமாக இரண்டு வாய்.

ஒக்டோபர் 18, சனி

திலகம் அன்ரியிடம் பாடம் படிக்கப் போனேன். மனோன்மணியின் தகப்பன் பெயர், ஊர், படித்த பள்ளிக்கூடம். சோதனைக்குப் போல எழுதி, பஸ்ஸில் பாடமாக்கினேன்.

படம் ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன். "எல்லாம் அங்கினையே போட்டுட்டு வந்தனாங்கள் பிள்ளை. ஒண்டும் இல்லை." நாடியில் ஒரு மச்சம் இருந்ததாம். சிரித்தால் வாயைப் பொத்துவாராம். பிள்ளை வேண்டும் என்று கோயில் கோயிலாக ஏறியவராம்.

"பெத்திருந்தால் உம்மட வயதுதான் வரும். களவு எண்டாலும் எனக்கு ஒரு மாதிரிச் சந்தோசம். அக்காவுக்கும் ஒரு பிள்ளை எண்டு எங்கையாவது எழுதிக் கிடக்கட்டும்."

வெறும் கள்ளக் கடதாசி என்று நினைத்துப் போனேன். திரும்பும்போது செத்தவர் ஒருவரும் கூட வந்தார். இந்த வீட்டில் நாங்கள் பால் காய்ச்சினால் அவருக்கும் ஒரு கிளாஸ் வைக்கவேண்டி வரும்.

ஒக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எண்ணெய் முழுக்கு. வடை கருகிவிட்டது. அம்மா புதுப் பானை ஒன்று வாங்கிவந்திருக்கிறார், பால் காய்ச்ச. "இன்னும் ஒண்ணும் முடியல" என்றேன். "முடியும்" என்றார். புதுச் சீலையில் நல்ல சந்தோசமாக இருந்தார்.

ஒக்டோபர் 25, சனி

எழுத மனமில்லை. எழுதாவிட்டால் நித்திரை வராது.

அம்மா கிணற்றைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்று ஒரே பிடி. சனிக்கிழமைதானே, யாரும் வரமாட்டார்கள் என்று கூட்டிப்போனேன். திலகம் அன்ரி முகம் சுளிக்கவில்லை. "வாங்கோ அம்மா" என்றார். அம்மா நேரே கிணற்றடிக்குப் போய்விட்டார்.

நானும் அன்ரியும் விறாந்தையில் கதிரையில். ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஜீஎஸ், கிராம சேவகர். குளக்கட்டு உடைப்பைப் பார்க்க வந்தவர், போகிற வழியில் எட்டிப் பார்த்தாராம். இளம் ஆள், மரியாதையான ஆள். கடதாசியில் கையெழுத்துப் போடவேண்டியவர் அவர்தான்.

"இவாவோ ஆள்? உங்களுக்கு என்ன முறை?"

"அக்காவின்ர மகள்," என்றார் அன்ரி. தண்ணீர் குடிக்கிற மாதிரிச் சொன்னார்.

அந்த நேரம் பார்த்துக் கிணற்றடியிலிருந்து அம்மாவின் குரல். "ஏ செல்வி, இங்க வந்து பாரேன், தண்ணி கைக்கு எட்டுது!"

ஜீஎஸ் திரும்பினார். "அந்த அம்மா ஆர்?"

அன்ரி என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். சீமெந்தில் ஒரு வெடிப்பு, அதற்குள் எறும்பு. வாயைத் திறக்க நேரம் இருந்தது. வேண்டிய அளவு இருந்தது. நான் திறக்கவில்லை.

அம்மா வாளியைக் கீழே வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்தார்.

"நான் இந்த செல்வியம்மா வீட்டுல சமைக்கிற பொம்பளைங்க ஐயா. தூக்கி வளத்த பழக்கத்துல பேரச் சொல்லிட்டேன்."

"ஆ, நல்லம். இப்ப வீட்டு வேலைக்கு ஆள் எடுக்கேலாது," என்றார் ஜீஎஸ்.

அம்மா அதோடு விட்டிருக்கலாம். பின்பக்கத்தால் குசினிக்குள் போய் எல்லாருக்கும் தேத்தண்ணீர் ஊற்றினார். தட்டில் கொண்டுவந்தார். முதலில் ஐயாவுக்கு, பிறகு அன்ரிக்கு. என்னிடம் குனிந்து, "எடுத்துக்கங்கம்மா" என்றார்.

எடுத்தேன். குடித்தேன். நல்ல சாயம், நல்ல சூடு. தனக்கு ஊற்றியதைக் குசினி வாசலில் நின்றபடி குடித்தார்.

பஸ்ஸில் அம்மாவுக்குச் சிரிப்பு. "எப்புடி என் நடிப்பு? அந்தாளு நம்பிட்டான் பாத்தியா?" கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து நித்திரை. நித்திரை போலத்தான் இருந்தது.

ஒக்டோபர் 26, ஞாயிறு

வெயில். உடுப்புத் தோய்த்தேன். குடைக்குக் கம்பி போட்டாயிற்று.

வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று கேட்டேன். அம்மா கரண்டியைப் போட்டு உடைக்காத குறை. "நான் நாப்பது வருசம் ஊரான் வீட்டு வாசல்ல நின்னிருக்கேன். ஒரு நாள் என் மக வாசல்ல நின்னா கொறஞ்சா போயிருவேன்?"

வெட்கம் என்றால் இதுதான் போல.

நவம்பர் 1, சனி

ரவி போன் பண்ணினார். ஜீஎஸ் கையெழுத்துப் போட்டுவிட்டார். செவ்வாய் பிரதேச செயலகத்துக்கு வரவேண்டும். "அம்மாவின்ர பேர் கேப்பினம். மனோன்மணி. மறந்திடாதேங்கோ."

மறப்பதற்கு என்ன இருக்கிறது? மீன் வெட்டும்போது கூட அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் 4, செவ்வாய்

அரை நாள் லீவு. மூடம், மழை இல்லை. போகும்போது அம்மா திருநீறு பூசிவிட்டார். நான் பாடமாக்கியது சரிதானா என்று கேட்டுப் பார்த்தார். "அம்மா பேரு?" "மனோன்மணி." "ம். கரெக்டு."

செயலக வாங்கில் திலகம் அன்ரி, நான், ரவி. மேசையில் கண்ணாடி போட்ட அம்மணி ஒருவர். தடிமன் பிடித்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுதினார். முதலில் அன்ரியைக் கூப்பிட்டார். என்ன முறை? அக்காவின்ர மகள். ஒரு தடுமாற்றமும் இல்லை. அன்ரி அதைச் சொல்லும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். அது நடிப்பில்லை என்று எனக்குத் தெரியும்.

பிறகு நான். பேர். வயது. தொழில். "அம்மாவின்ர பேர்?"

"பழனியாயி."

தெரிந்தே சொன்னேன் என்று எழுத ஆசை. பொய். வாய் தானாகச் சொன்னது. மனோன்மணி நாக்கு நுனியில்தான் நின்றார்.

அம்மணி கடதாசியைப் பார்த்தார். "இதில மனோன்மணி எண்டெல்லோ கிடக்கு?" கோபமில்லை. திருத்த இடம் தந்துதான் கேட்டார். ரவி செருமினார். அது வீட்டுப் பேர், வளர்த்தவவின்ர பேர், என்னத்தையாவது சொல்லியிருக்கலாம். எனக்கு அந்தத் தட்டுத்தான் தெரிந்தது. எடுத்துக்கங்கம்மா.

"பழனியாயி," என்றேன். முதல் தடவை வாய் தவறியது. இரண்டாம் தடவை நான் சொன்னது.

"அப்ப நான் இதை எடுக்கேலாது பிள்ளை," என்று கோவையை எங்கள் பக்கம் தள்ளிவிட்டார்.

வெளியே ரவி அடக்கிக்கொள்ளவில்லை. "தோட்டக்காட்டுப் புத்தி போகுமே?" நாளைக்கே வேறு ஆள் இருக்கிறதாம், முறையெல்லாம் சரியாக அமைந்த ஆள். இருக்கட்டும்.

திலகம் அன்ரி திட்டவில்லை. திட்டியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். "ஒரு சொல்லுத்தானே பிள்ளை. நான் சொன்னனான்தானே?" என்றார். வேறு பஸ்ஸில் போனார்.

உண்மைதான். அவர் சொன்னார். என்னால் அவருடைய அக்காவுக்குக் கிடைத்த பிள்ளையும் இல்லை என்றாயிற்று.

வீட்டில் புதுப் பானையைக் கழுவி, மஞ்சள் பூசி, வெயில் இல்லாத வாசலில் காயவைத்திருந்தார் அம்மா. என் முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. நடந்ததைச் சொன்னேன்.

"அறிவு கெட்டவளே. அந்தப் பேரு எனக்கு ஒரு வேள சோறு போட்டிருக்கா? மார்கழிக்கு எங்கடீ போவோம்?"

கத்தினார். பக்கத்து வீட்டில் ரீவியைக் குறைத்துக் கேட்டார்கள். பிறகு குசினிக்குள் போய்விட்டார். நான் செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசற்படியில் இருந்தேன்.

உள்ளேயிருந்து கேட்டார்: "பழனியம்மான்னா சொன்ன?"

"இல்ல. பழனியாயின்னு."

"எல்லாரும் இருக்கையிலயா?"

"ஆமா."

கேத்திலுக்குள் கரண்டியால் வெள்ளைப் படையைச் சுரண்டுகிற சத்தம். கொஞ்ச நேரம் சுரண்டினார், நிறுத்தினார்.

"அந்தக் கெணத்துத் தண்ணி நல்ல தண்ணிடீ," என்றார்.