பல்புக்கு வைத்த பொட்டு

கள்ளக்குறிச்சி
ஐப்பசி கடைசி ஞாயிறு

அன்பு மகள் தேவதர்ஷினிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம். வெள்ளாடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது, அதுவும் சுகம். அங்கே டப்ளினில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு வெளியே போய், நைட் டியூட்டி முடிந்தால் போனை நோண்டாமல் படுத்துத் தூங்குகிறாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். அங்கே நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது என்று மணலூர்பேட்டை கோகிலவாணி சொன்னாள். அந்தப் பெண் தீபாவளிக்கு லீவில் வந்தது உனக்குத் தெரியும், வியாழக்கிழமை அங்கே திரும்புகிறாள். அவள் கையில்தான் இந்தக் கடிதமும், சாமை அரிசியும், முறுக்கும், வெள்ளிமலைத் தேனும் கொடுத்தனுப்புகிறேன். தேன் பாட்டிலை மூன்று கவர் போட்டுக் கட்டியிருக்கிறேன், அப்படியும் ஒழுகியிருந்தால் கோகிலவாணியைத் திட்டாதே.

வாரா வாரம் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசும்போது உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு என் தோளுக்கு மேலேயே நிற்கிறார், நான் ஒரு வார்த்தை சொன்னால் அவர் இரண்டு வார்த்தை சேர்க்கிறார். இது அவர் இல்லாமல் சொல்ல வேண்டிய சேதி. ஆயுத பூஜை முடிந்த மறுநாள் நீ போன் பண்ணினபோது, முதலாளி வண்டியில் பல்பு வெடித்ததைக் கேள்விப்பட்டு அப்பாவை ஒரு பிடி பிடித்தாயே, நினைவிருக்கிறதா? தெரியாத வேலையில ஏம்பா கைய வைக்கிற, யாரு கண்ணுலயாவது கண்ணாடி குத்தியிருந்தா இன்னா ஆயிருக்கும் என்று கத்தினாய். அவரும் ஆமா பாப்பா, புத்தி இல்லாம பண்ணிட்டேன் என்று சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டார். அந்தத் திட்டு முழுக்க எனக்குச் சேர வேண்டியது கண்ணு. பல்பில் கை வைத்தது அவர் இல்லை, நான். பக்கத்தில் நின்று வாயை மூடிக்கொண்டிருந்தேன், அது அன்றிலிருந்து நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கிறது.

முதலிலிருந்தே சொல்கிறேன். முதுகு வலியால் லாரியை விட்டுவிட்டு ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்து காலண்டர் கிழித்துக்கொண்டிருந்த மனிதருக்கு இந்த வேலை கிடைத்ததில் எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத் தெரியும். அரங்கநாதன் முதலாளி சென்னையில் சினிமாக்காரர்கள் ஓட்டித் தேய்த்த பழைய கேரவனை வாங்கி வந்து, கல்வராயன் மலை சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார். நீ வண்டியைப் போட்டோவில்தான் பார்த்திருக்கிறாய். உள்ளே இரண்டு கட்டில், அடுப்பு, குளிக்கிற இடம், நம் வீட்டில் இல்லாத வசதியெல்லாம் அந்த வண்டிக்குள் இருக்கிறது. அப்பா ஓட்டுகிறார், நான் வாரம் இரண்டு முறை கச்சிராயபாளையம் ரோட்டு ஷெட்டுக்குப் போய்க் கூட்டித் துடைத்து, பெட்ஷீட் துவைத்துப் போடுகிறேன். அந்த வண்டியின் கூரையில் பன்னிரண்டு பல்பு. புளியங்கொட்டை அளவுதான் ஒவ்வொன்றும், இரண்டு கம்பிக் கால் வைத்து, மேலே ஒரு கண்ணாடி மூடி. ஆலசன் பல்பாம். மஞ்சளாக நன்றாகத்தான் எரியும், ஆனால் கீழே பத்து நிமிஷம் நின்றால் உச்சந்தலை காய்ந்துவிடும். மலையில் இன்ஜினை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் எரியவிட்டால் விடிவதற்குள் பேட்டரி படுத்துவிடுகிறது என்று அப்பா முன்பே புலம்பிக்கொண்டிருந்தார்.

ஆயுத பூஜைக்கு நான் எப்படி என்றுதான் உனக்குத் தெரியுமே. அரிவாள்மனை, மிக்சி, அயர்ன் பாக்ஸ், நீ பத்தாவதில் வைத்திருந்த காம்பஸ் டப்பா வரைக்கும் பொட்டு வைக்கிற ஆள். கேரவனில் ஸ்டியரிங், டயர், அடுப்பு எல்லாவற்றுக்கும் வைத்தாயிற்று, சந்தனம் இன்னும் கிண்ணத்தில் இருந்தது. வண்டிக்கு வெளிச்சம் கொடுக்கிறதை மட்டும் விடுவானேன் என்று கட்டில்மேல் ஏறி, மூடிகளைக் கழற்றிக் கழுவி வெயிலில் காயவைத்துவிட்டு, பன்னிரண்டு பல்பையும் விரலால் துடைத்து, சந்தனம் தொட்டு, நடுவில் குங்குமம் வைத்தேன். பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது. மூடிகள் ஈரம் காயட்டும் என்று அப்படியே விட்டுவிட்டேன், அதுதான் இரண்டாவது தப்பு.

சாயங்காலம் முதலாளி குடும்பத்தோடு வந்தார். பூசணிக்காய் உடைத்து, சூடம் காட்டி, வண்டிக்குள் ஏறி ஸ்விட்சைப் போட்டார். விளக்கு எரிந்ததும் எல்லாரும் வழக்கம்போலக் கையெடுத்துக் கும்பிட்டோம். கும்பிட்ட கையை இறக்குவதற்குள் டப் என்று ஒன்று வெடித்தது. அப்புறம் இன்னொன்று. மொத்தம் நாலு வெடித்து, தடுக்க மூடி இல்லாததால் கண்ணாடித் தூள் கட்டில்மேல் கொட்டியது, மீதி எட்டும் பொட்டு வைத்த இடத்தில் கறுத்துப்போயின. முதலாளியின் சம்சாரம் நேர் கீழே நின்றிருந்தார்கள், தலைமுடியில்தான் விழுந்தது, சாமி காப்பாற்றியது. நீ போனில் கண்ணில் குத்தியிருந்தால் என்று கேட்டபோது எனக்கு அந்த முகம்தான் வந்து நின்றது. முதலாளி கறுத்த பல்பை அண்ணாந்து பார்த்துவிட்டு, யாருயா இதுல பொட்டு வச்சது என்று போட்ட சத்தத்தில் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. உன் அப்பா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. நாந்தாங்க, பூஜையாச்சேன்னு வச்சிட்டேன் என்றார்.

அடுத்த சனிக்கிழமைக்குச் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் மூன்று நாளைக்கு வண்டி கேட்டிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள்ள லைட்டு எல்லாம் ஒழுங்கா எரியணும், இல்லன்னா சாவியத் திருநாவலூர் பகலவன்கிட்டக் குடுத்துட்டு நீ வூட்ல இரு பழனி என்று முதலாளி சொல்லிவிட்டார். பகலவன் இளவட்டம், முதலாளிக்குத் தூரத்துச் சொந்தம் வேறு. அன்றைக்கு வீட்டுக்கு வந்து உன் அப்பா சுண்டலைத் தின்றார், பொரியைத் தின்றார், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன்யா என் தப்ப நீ தூக்கிக்கின என்று நான்தான் அழுதேன். உன்ன நாலு பேரு முன்னால அந்த ஆளு சத்தம் போட்டா நான் வேடிக்க பாத்துக்கினு நிக்கவா என்று கேட்டுவிட்டு, மெனக்கெட்டு இன்னொரு பிடி சுண்டல் எடுத்துக்கொண்டார். எனக்குக் கோபமும் வந்தது, அந்தக் கிழவனைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இதையெல்லாம் மகளுக்கு எழுதலாமா, எழுதிவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டு பின்னால் வண்டி வயரிங் கடை வைத்திருக்கும் பூமாலையை உனக்கு ஞாபகம் இருக்கும், உன் ஸ்கூட்டி ஹாரனைச் சரி பண்ணுகிறேன் என்று ஒரு மாசம் வைத்திருந்தானே, அவனேதான். அவன் வந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். எக்கா, இது கொதிக்கிற நெருப்பு, வெரல் எண்ணெ பட்டாலே அந்த எடம் ஜாஸ்தி சூடாயி வெடிச்சிக்கும், நீ சந்தனமே அப்பியிருக்க என்றான். நான்தான் வைத்தேன் என்று எப்படிக் கண்டுபிடித்தானோ. மறுபடியும் ஆலசன் வாணாம், எல்.இ.டி.க்கு மாத்திடலாம், பழசு ஒண்ணு இழுக்கிற கரண்டுல இது ஏழெட்டு எரியும், சூடும் கம்மி என்றான். உன் அப்பாவுக்கு பேட்டரிக் கவலை தீர்ந்தது, உடனே சரி என்றார். முதலாளியும் தலையாட்டினார், ஆனால் வெள்ளிக்கிழமை என்பதை மட்டும் மாற்றவில்லை.

முதலில் நாங்களே கெட்டிக்காரத்தனமாக பைக் சாமான் விற்கிற கடையில் கிடைத்ததை வாங்கி வந்து மாட்டினோம். போட்டதும் வண்டிக்குள் வெள்ளை வெளேர் என்று ஆகிவிட்டது, நீ வேலை செய்கிற ஆபரேஷன் தியேட்டர் மாதிரி. அந்த வெளிச்சத்தில் உன் அப்பா மீசையில் எங்கே டை படவில்லை என்று ஒவ்வொரு முடியாக எண்ணலாம். இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் பன்னிரண்டும் கண்ணடித்தன. இன்ஜின் ஓடும்போது வோல்டேஜ் ஏறுமாம், மலிவுச் சரக்கு அதைத் தாங்காதாம். பூமாலை தலையில் அடித்துக்கொண்டு, வோல்டேஜ் ஏறினாலும் தாங்குகிற மாதிரி, பழைய பல்பு போலவே மஞ்சளாக எரிகிற பல்பாகச் சென்னைக்குச் சொல்லிவிட்டு பஸ் பார்சலில் வரவழைத்தான். அது வந்து சேர்ந்தது வியாழக்கிழமை மதியம்.

வியாழன் சாயங்காலம் நானும் அப்பாவும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாட்டினோம். பதினொன்று எரிந்தது, கட்டிலுக்கு மேலே உள்ள ஒன்று மட்டும் எரியவில்லை. வயரே போச்சு, பகலவன் கைக்குச் சாவி போயிடும் என்று உன் அப்பா கையை உதறிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். அந்த ஒரு நிமிஷம்தான் அவர் முகம் வாடி நான் பார்த்தேன். நான் பூமாலைக்குப் போன் போட்டேன். பழசுக்கு எந்தப் பக்கம் குத்தினாலும் ஒண்ணுதான்கா, இதுக்குப் பிளஸ் மைனஸ் உண்டு, பிடுங்கித் திருப்பிக் குத்து என்றான். மறுபடியும் கட்டில்மேல் ஏறினேன். திருப்பிக் குத்தினேன். எரிந்தது பார், நான் போட்ட சத்தத்தில் ஷெட்டு வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது.

வெள்ளிக்கிழமை மதியம் முதலாளி பார்க்க வருவதாக இருந்தது. நான் வண்டியைத் துடைத்து, பெட்ஷீட் விரித்து, எதையும் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றேன். உன் அப்பா எங்கேயோ போய்விட்டு வந்து, முந்தானையைப் பிடி என்றார். மடித்த வாழையிலையில் சந்தனமும் குங்குமமும். எனக்கு அன்றைக்கு வெடித்ததுதான் ஞாபகம் வந்தது, வேண்டாம்யா என்றேன். அவர் சொன்னார், பூமாலகிட்டக் கேட்டுக்கினு தான் வரேன், பல்பு மேல வாணாம், மூடி மேல வையி, இது சூடு ஆவாது, நீ பொட்டு வைக்காத வண்டிய எடுத்துக்கினு நான் மலை ஏற மாட்டேன் என்று. இந்த மனிதர் எனக்காக ஒரு எலக்ட்ரீசியன் கடைக்குப் போய், பல்புக்குப் பொட்டு வைக்கலாமா என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறார். அங்கே எத்தனை பேர் சிரித்தார்களோ. பன்னிரண்டு மூடிக்கும் வைத்தேன் பாப்பா, கண்ணில் நீர் மறைத்ததில் இரண்டு கோணலாகப் போய்விட்டது.

கடைசிப் பொட்டு ஈரம் காய்வதற்குள் முதலாளி ஏறி வந்துவிட்டார். அண்ணாந்து பார்த்தார். முகம் சிவந்தது. மறுபடியுமா, யாரு வச்சது என்றார். உன் அப்பா நா என்று வாயைத் திறந்தார். நான் முன்னால் வந்து நின்று, நாந்தாங்க வச்சேன், அன்னிக்கும் நாந்தான் வச்சேன், அவரு எனக்காகப் பொய் சொன்னாரு, சாவிய வாங்கறதா இருந்தா என்னக் கேட்டுட்டு வாங்குங்க என்று சொல்லிவிட்டேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை. முதலாளி என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். ஸ்விட்சைப் போட்டார். பன்னிரண்டும் எரிந்தது. நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகக் கண்ணைத் திறந்தால் முதலாளி மூடிமேல் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அந்தக் கையோடு மறு கையையும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டு, காலையில ஆறு மணிக்கெல்லாம் கெளம்பிடு பழனி என்று சொல்லி இறங்கிப் போனார்.

மூன்று நாளும் வெள்ளிமலையில் சாமை விதைக்கிற காத்தான் வயலோரம்தான் வண்டியை நிறுத்தினார்களாம். பேட்டரி ஒரு தடவைகூடப் படுக்கவில்லை. காத்தான் சம்சாரம் மூக்காயி வண்டிக்குள் ஏறிப் பார்த்துவிட்டு, மூடிமேல் பொட்டு இருப்பதைக் கண்டு, இது நம்மவங்க வண்டிதான் என்று சொல்லி, கைநிறையச் சாமை அரிசி கொடுத்தனுப்பியிருக்கிறாள். உனக்கு வருவது அதுதான். கழுவி ஊறவைத்து வடி, குக்கரில் போட்டுக் குழைத்துவிடாதே. உன் அறையிலும் அந்த வெள்ளை வெளிச்சத்தை எடுத்துவிட்டு மஞ்சளாக ஒன்று போட்டுக்கொள், நாலு மணிக்கே இருட்டுகிற ஊரில் அது கொஞ்சம் துணையாக இருக்கும்.

இந்தப் பார்சலில் ஒரு தீப்பெட்டிக்குள் பஞ்சில் சுற்றி, கறுத்த பழைய பல்பு ஒன்று வைத்திருக்கிறேன். அதில் என் விரல் வைத்த குங்குமக் கறை இன்னும் இருக்கிறது, நான் சொல்வதை நீ நம்புவதற்குத்தான். அப்பா இன்றைக்கும் வண்டி ஸ்டாண்டில் யார் கேட்டாலும் பொட்டு வைத்தது தான்தான் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். டிரைவர்கள் எல்லாம் அவரைப் பொட்டுக்காரர் என்றே கூப்பிடுகிறார்கள், அவரும் திரும்பிப் பார்க்கிறார்.

நீ நோய்நொடி இல்லாமல், நினைத்தது கைகூடி, நாலு பேர் வாயார வாழ்த்துகிற பெண்ணாக இருக்க வேண்டும், அந்த வெள்ளிமலைச் சாமி உன் கூடவே இருக்கட்டும். ஒன்றே ஒன்று மறக்காதே. வரும் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது என்னைக் கேட்காதே, முதலில் அப்பாவிடம் பேசு. தப்பாகத் திட்டிவிட்டேன் என்றெல்லாம் சொல்லாதே, அவர் கூச்சப்பட்டுப் போனை என்னிடம் நீட்டிவிடுவார். வண்டியில லைட்டெல்லாம் எரியுதாப்பா என்று மட்டும் கேள். மீதியை அவரே ஒரு மணி நேரம் சொல்லுவார், நீ கேட்டுக்கொண்டிரு.

இப்படிக்கு,
பொட்டு வைத்த கையால் எழுதும் உன் அம்மா
ப. சாலம்மாள்