சாட்டு போட்ட ஊரில் ஒரு கோடை டூர்

மே 5, திங்கள்

கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் முதல் டூர். ஊட்டி இல்லை, கொடைக்கானல் இல்லை. பிச்சாட்டூர் ஏரிக்கரையில் என் வீட்டுக்காரர் யோகேஷின் அக்கா, பத்மினி அண்ணி வீடு. பரவாயில்லை. நகரியில் விடிந்தால் விசைத்தறிச் சத்தம்தான். இங்கே தண்ணீரும் காற்றும் இருக்கிறது. யோகேஷ் மீன் வறுவலோடு உட்கார்ந்து, "பாத்தியா, எப்டி கூட்டினு வந்தேன்?" என்று பெருமையடித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை சித்தூரில் எனக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு. அரசு நர்ஸ் வேலை. நேரில் போகாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்கு. புதன்கிழமை திரும்பிவிடலாம் என்றுதான் கூட்டிவந்தார். இருந்தாலும் ஃபைலைப் புடவைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். "டூருக்கு யாராச்சும் மார்க் ஷீட் எடுத்துனு வருவாங்களா?" என்று ஒரே சிரிப்பு.

மே 6, செவ்வாய்

பகல் முழுக்கத் தூக்கம். சாயங்காலம் ஏரியில் கால் நனைத்தோம். விளக்கு வைத்ததும் தெருவில் தப்பட்டை அடித்து, கங்கம்மா ஜாத்திரைக்குச் சாட்டு போட்டார்கள். அடுத்த செவ்வாய் வரை ஊர்த் திருவிழா என்று அறிவிப்பு.

மே 7, புதன்

பையைக் கட்டி வைத்தேன். யோகேஷ் கட்டிலை விட்டு எழவே இல்லை. சாட்டு போட்ட ராத்திரி இந்த ஊரில் படுத்துவிட்டோமாம். ஜாத்திரை முடிகிறவரை எல்லை தாண்டக் கூடாதாம். தாண்டினால் அம்மன் சும்மா விடமாட்டாளாம். "அடுத்த செவ்வா வரைக்கும் ரெஸ்ட் எடு. நர்ஸ் வேல எங்க ஓடிப்போவுது?"

எங்கே ஓடுமா? வெள்ளிக்கிழமையோடு ஓடியே போய்விடும்!

அழுதேன். அம்மனை மீறவும் பயம். ஊசி போடுகிற கைதான், ஆனாலும் பயம் பயம்தான்.

மே 8, வியாழன்

ஏரியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் கரை.

அண்ணியின் வீட்டுக்காரர் ரமணா டிபன் பாக்ஸோடு புத்தூருக்கு வேலைக்குக் கிளம்பினார். நேற்றும் போனாரே? அவருக்கு மட்டும் எல்லை இல்லையா? மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்த பத்மினி அண்ணியிடம் கேட்டேன்.

"பகல்ல எங்க வேணா போய்ட்டு வரலாம் அகிலா. ராத்திரி படுக்க இங்க வந்துடணும், அவ்ளோதான். ஏன், யோகேஷு சொல்லலியா? சின்ன வயசுலேர்ந்து ஜாத்திரைக்கு வந்துகினு கீறான். போன மாசங்கூட எப்ப சாட்டு போடறாங்கன்னு போன் பண்ணிக் கேட்டானே."

என் முகத்தைப் பார்த்ததும் அண்ணி கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

போன மாசமே! அப்போ இது டூரே இல்ல. கொண்டாந்து அடச்சி வெச்சிக்கிறான். ஆமாம், இன்றைக்கு அவன்தான். 'அவர்' என்று எழுதக் கை வரவில்லை.

மே 9, வெள்ளி

முதல் பஸ்ஸில் போனேன். அண்ணிதான் எழுப்பிவிட்டார். சரிபார்ப்பு முடிந்தது. பலமநேர் ஆஸ்பத்திரியில் இடம் கொடுத்திருக்கிறார்கள்! பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட்டேன். அம்மனுக்காக. அவனுக்காக இல்லை.

வாசலில் நின்றிருந்தான். "நீ வேலைக்குப் பூட்டா அங்கியே இருந்துடுவ. பயந்துட்டேன்."

"அத வாயத் தொறந்து சொல்லியிருந்தா உக்காந்து பேசியிருப்பேனே. அம்மன எதுக்குக் காவலுக்கு வெச்சீங்க?"

ராத்திரி அண்ணி பக்கத்தில் பாய் விரித்துக்கொண்டேன்.

மே 12, திங்கள்

பொங்கல் வைத்தோம். பக்கத்தில் பக்கத்தில் நின்று கும்பிட்டோம். பாய் இன்னும் அண்ணி பக்கத்தில்தான்.

மே 14, புதன்

ஜாத்திரை முடிந்தது. பைக்கை எடுத்து நிறுத்தி, "ஏறு, ஊட்டுக்குப் போலாம்" என்றார். சித்தூருக்கு, என் அம்மா வீட்டுக்குப் போகிறேன், அங்கிருந்து பலமநேர் என்று சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டார். பிடிக்காத மனுஷனாக இருந்தால் எவ்வளவு சுலபம்.

பஸ்ஸுக்குப் பின்னாலேயே பைக் வந்துகொண்டிருந்தது. நகரி ரோடு பிரிகிற இடத்தில் நிறுத்தி, விடாமல் ஹார்ன் அடித்தார். ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தேன். கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, இறங்கணுமா என்று தெலுங்கில் கேட்டார்.

"இல்லண்ணா, போவட்டும்" என்றேன்.