முற்றத்தில் ஒரு சிக்குக் கோலம்

ஜனவரி 18, ஞாயிறு

தூக்கம் வரவில்லை. சந்தோஷத்தில்தான்.

வடக்குக் கல்கத்தாவில், ஒரு காலத்தில் நாடகக்காரர்கள் ஒத்திகை பார்த்த பழைய மாளிகையில் இன்று ஓவியக் கண்காட்சி. அந்த மாளிகையின் முற்றத்தையே வரைந்திருந்தேன், நடிகைகள் வசனம் பேசிப் பார்ப்பதாக. தரையில் வங்காளிகளின் மாக்கோலமான ஆல்போனா போடத்தான் நினைத்தேன். கை தன்பாட்டுக்குப் புள்ளி வைத்துச் சிக்குக் கோலமாக இழுத்துவிட்டது.

காலையில் அமைப்பாளர் முகம் சுளித்தார். "இந்த வீட்ல ஏது மதராசிக் கோலம்? மாத்துங்க. இல்லேன்னா மூலையிலதான் மாட்டுவேன்."

"மூலையிலேயே மாட்டுங்க" என்றேன். இதே கல்கத்தாவில், கரியாஹாட்டில் பிறந்தவள் நான். என் கை மட்டும் வெளியூரா?

சாயங்காலம் அந்த வீட்டுக்காரப் பெண்மணி மூலையை விட்டு நகரவே இல்லை. பிறகு, ஆல்போனாவுக்குக் கரைத்து வைத்திருந்த அரிசி மாவைக் கொண்டுவந்து நீட்டினார். "தீதி, எங்க முற்றத்துல இதை நிஜமாவே போடுங்களேன்."

புடவையைச் சொருகிக்கொண்டு உட்கார்ந்தேன். கூட்டம் சுற்றி நின்றது. முடித்து நிமிர்ந்தபோது அமைப்பாளர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, கோலத்தை மிதிக்காமல் சுவரோரமாகப் போய்க்கொண்டிருந்தார்.

முழங்கால் விண்விண் என்கிறது. நகக்கண்ணில் இன்னும் மாவு. கழுவ மாட்டேன்.